ஸ்லோவான கம்ப்யூட்டருக்கு எது மருந்து: எஸ்எஸ்டியா, ரேமா, விண்டோஸ் ரீசெட்டா?

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோ" என்று சர்வீஸ் கடையில் கொண்டுபோய் வைத்தால் மூன்று பதில்களில் ஒன்று வரும். ஃபார்மேட் அடிச்சிடலாம் (விண்டோஸைத் துடைத்துப் புதிதாக ஏற்றுவது; ரீசெட்டும் அந்த ரகம்தான்), ரேம் ஏத்திக்கலாம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைக்கும் மெமரி), எஸ்எஸ்டி போட்டுடலாம் (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்). மூன்றும் சரியான வைத்தியம்தான், ஆனால் வேறு வேறு நோய்க்கு. ஐந்தாறு வருடத்துக்கு முன் வாங்கிய, 4 ஜிபி ரேமும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் உள்ள வீட்டு லேப்டாப்பில் பெரும்பாலும் எஸ்எஸ்டிதான் ஜெயிக்கும். உங்கள் மெஷினும் அந்த ரகமா என்பதைக் காசு செலவழிக்கும் முன்பே பார்த்துவிடலாம்.

எது திணறுகிறது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. குரோமில் ஏழெட்டு டேப், ஒரு வேர்டு ஃபைல் என்று தினமும் செய்கிற வேலையைத் திறந்துவைத்துக்கொண்டு பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் கீழே படிக்கும் வேகம் நொடிக்கு 1 அல்லது 2 எம்பிதான் என்றால் குழம்ப வேண்டாம். டிஸ்க் சும்மா இருக்கவில்லை. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைத் தேடி அதன் முள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சுழலும் டிஸ்க்கில் ஒவ்வொரு தேடலுக்கும் 10 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் அதே வேலை 0.1 மில்லிசெகண்டு அளவில் முடிந்துவிடும். விண்டோஸ் பூட் ஆவதும் புரோகிராம் திறப்பதும் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான குட்டித் தேடல்கள்தான். அதனால்தான் "நொடிக்கு 550 எம்பி" என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை விட இந்த வித்தியாசம் கைக்கு அதிகமாகத் தெரிகிறது.

அடுத்து மெமரி. அது 60 சதவீதம்போல இருக்க, டிஸ்க் மட்டும் 100 என்றால் குற்றவாளி டிஸ்க். மெமரியும் 90-ஐத் தாண்டி டிஸ்க்கும் 100 என்றால் கதை வேறு. ரேமில் இடம் போதாமல் விண்டோஸ் பாதியை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளித் தள்ளி எடுக்கிறது. அங்கே ரேமும் வேண்டும், எஸ்எஸ்டியும் வேண்டும். டிஸ்க், மெமரி இரண்டும் அமைதியாக இருந்து சிபியு, அதாவது பிராசசர் மட்டும் கொதிக்கிறது என்றால் இந்த மூன்றில் ரீசெட் ஒன்றுதான் உதவக்கூடும். அதற்கும் முன்னால் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் தேவையில்லாததை டிஸேபிள் செய்து, ஃபேனில் அடைந்த தூசியை எடுத்துப் பாருங்கள். சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எஸ்எஸ்டி

டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க் 0' என்பதன் கீழேயே எச்டிடி அல்லது எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கும். எச்டிடி என்று இருந்தால் முதல் செலவு இதற்குத்தான்.

எதை வாங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும்; சாட்டா என்பது அந்த இணைப்பு வகையின் பெயர். எம்.2 என்பது சூயிங்கம் பட்டை அளவுள்ள பலகை. அதிலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை. வடிவம் கிட்டத்தட்ட ஒன்று, பேசும் மொழி வேறு. பொதுவாக என்விஎம்இ பலகையில் ஒரு வெட்டு இருக்கும், சாட்டா பலகையில் இரண்டு வெட்டு. சாட்டா பலகை என்விஎம்இ ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது. லேப்டாப் மாடல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டு எந்த ஸ்லாட் என்று பார்க்காமல் எம்.2 வாங்கக் கூடாது. சந்தேகம் தீரவில்லையா, 2.5 அங்குல சாட்டாவே வாங்குங்கள். வீட்டு உபயோகத்தில் என்விஎம்இயின் நொடிக்கு 3,500 எம்பி வேகத்துக்கும் சாட்டாவின் 550-க்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எச்டிடியிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வருவதுதான் பெரிய தாவல்.

டெஸ்க்டாப்பில் ஒரு சின்ன விஷயம்: எஸ்எஸ்டி பெட்டியில் சாட்டா கேபிள் பெரும்பாலும் வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அளவு 256 ஜிபி போதும் என்று தோன்றும். கல்யாண வீடியோ எல்லாம் உள்ளே இருக்கும் வீட்டில் 512-க்குக் கீழே போகாதீர்கள். எஸ்எஸ்டி விளிம்பு வரை நிரம்பினால் எழுதும் வேகம் விழும், ஆகவே ஆறில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள்.

பழைய விண்டோஸை அப்படியே குளோன் செய்வதா, புதிதாக ஏற்றுவதா? 1 டிபி டிஸ்க்கை 256 ஜிபிக்கு குளோன் செய்வது தொடக்கக்காரர்களுக்குத் தலைவலி. இலவசக் கருவியான குளோன்ஸில்லா, சாதாரண அமைப்பில், புது டிஸ்க் பழையதை விடச் சிறியதாக இருந்தால் ஒத்துக்கொள்ளாது. புதிதாக ஏற்றுவதே சுத்தம். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் இன்ஸ்டால் மீடியா தயாரியுங்கள். அந்த பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். நடுவில் புராடக்ட் கீ கேட்டால் 'கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பிருந்த அதே எடிஷனை, ஹோம் என்றால் ஹோமையே, கொடுங்கள். டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது. டிஸ்க் மாறினாலும் நெட்டில் இணைந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்துகொள்வது உண்டு. பிறகு அதை எடுத்தால் எஸ்எஸ்டி பூட் ஆகாது.

ரேம்

4 ஜிபியில் விண்டோஸ் 10 ஓடும், விண்டோஸ் 11-க்கும் அதிகாரபூர்வக் குறைந்தபட்சம் அதுதான். ஆனால் அதில் ஒரு பகுதியை உள்ளமைந்த கிராபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது. பிரவுசரைத் திறந்தவுடன் மிச்சமும் தீர்ந்துவிடும். 4-லிருந்து 8 ஜிபிக்குப் போவது காசுக்கு நியாயமான மாற்றம். 8-லிருந்து 16-க்குப் போவது மெமரி உண்மையிலேயே 90-ஐத் தொடுகிறவர்களுக்கு மட்டும். 55 சதவீதத்தில் நிற்கிற மெஷினில் ரேமை இரட்டிப்பாக்கினால் ஸ்டிக்கர் அழகாக இருக்கும், வேகம் அப்படியேதான். 2025 கடைசியில் ரேம் விலை எகிறிய பிறகு இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியிலேயே எத்தனை ஸ்லாட், எவ்வளவு வேகம், எந்த வடிவம் என்று இருக்கும். அந்த வேகத்தை வைத்து ரேமின் தலைமுறையைச் சொல்லிவிடலாம்: 1333, 1600 என்றால் டிடிஆர்3; 2133 முதல் 3200 வரை என்றால் டிடிஆர்4; 4800-உம் அதற்கு மேலும் டிடிஆர்5. ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று ஏறாது, நடுவில் உள்ள வெட்டு தடுக்கும். லேப்டாப் டிடிஆர்3-இல் 1.5 வோல்ட் வகையும் 1.35 வோல்ட் வகையும் உண்டு. பின்னது மட்டுமே ஏற்கும் லேப்டாப்புகள் இருக்கின்றன. வடிவம் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அந்த ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, கழற்ற முடியாது. காலி ஸ்லாட் வேறு உண்டா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் வாங்கப் போனால் பழைய ரேமைக் கழற்றிக் கையில் எடுத்துப் போவதுதான் உத்தமம். அதன் ஸ்டிக்கரில் எல்லாம் இருக்கிறது.

மாட்டும்போது சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரி கனெக்டரையும் விடுவித்து, பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடியுங்கள். லேப்டாப் ரேமைச் சுமார் 30 டிகிரி சாய்வில் செருகி, கீழே அமுக்கினால் இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று பிடிக்கும். தங்க நிறப் பட்டை வெளியே அதிகம் தெரிந்தால் முழுதாக இறங்கவில்லை என்று அர்த்தம். நான்கு ஸ்லாட் உள்ள டெஸ்க்டாப்பில் இரண்டு ரேம் போட, பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி 2-ஆவதும் 4-ஆவதும். ஆன் செய்ததும் திரை கறுப்பாக இருந்தாலோ பீப் அடித்தாலோ பதற வேண்டாம்; கழற்றி, அந்தப் பட்டையை வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மறுபடி அழுத்தி மாட்டுங்கள். பாதிப் பிரச்சினை இதில் தீரும். வெவ்வேறு வேகமுள்ள இரண்டைச் சேர்த்தால் குறைந்த வேகத்தில்தான் இரண்டும் ஓடும்.

விண்டோஸ் ரீசெட்

காசில்லாத வழி என்பதால் எல்லோரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். நோய் மென்பொருளில் இருந்தால் மட்டுமே இது மருந்து: எங்கிருந்தோ வந்த டூல்பார்கள், இரண்டு ஆன்டிவைரஸ், பாதியில் உடைந்த அப்டேட். ஹார்ட் டிஸ்க் மெஷினில் ரீசெட் செய்தால் ஒரு மாதம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

அதைவிட முக்கியம், டிஸ்க்கே சாகக் கிடக்கிறதா என்று பார்க்காமல் ரீசெட் பொத்தானைத் தொடக் கூடாது. ரீசெட் பல மணி நேரம் டிஸ்க்கில் இடைவிடாமல் எழுதும். நொண்டும் டிஸ்க் அதில் பாதியில் நின்றால் விண்டோஸும் போகும், போட்டோவும் போகும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களை எண்ணும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் கடைசி எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் நல்லது. சி5 பூஜ்யமாக இல்லை என்றால் முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள், அதன் பிறகுதான் மற்றதெல்லாம். டெஸ்க்டாப்பில் சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம், டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் ரீசெட் இருக்கும். 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தாலும் நீங்கள் ஏற்றிய மென்பொருள்கள் போய்விடும். பாமினி, வானவில் எழுத்துருக்களும் அவற்றோடு போகலாம். பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரியும். அந்த எழுத்துரு ஃபைல்களையும் கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா ஃபோல்டரையும் முன்கூட்டியே தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் (விண்டோஸின் பிட்லாக்கர் அதைப் பூட்டியிருந்தால்) 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீயும் வேண்டும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்னொரு போனில் திறந்து உறுதிசெய்த பிறகே தொடங்குங்கள். 'கிளவுட் டவுன்லோட்' (நெட்டிலிருந்து இறக்கி ஏற்றுவது), 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' (கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களிலிருந்தே ஏற்றுவது) என்று இரண்டு கேட்கும். சிஸ்டம் ஃபைல்களே கெட்டிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் கிளவுட். சுமார் 4 ஜிபி டேட்டா போகும்.

செலவே வேண்டாமா?

இன்டெல் 7-ஆம் தலைமுறையும் அதற்கு முந்தையதும், விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி பெறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட மெஷினில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டு விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றினால் பிள்ளைகள் படிக்க, மெயில் பார்க்க இன்னும் சில வருடம் ஓடும். பேங்க் வேலையும் டேலியும் விண்டோஸில்தான் நடந்தாக வேண்டும் என்றால் அதில் ரேம் வாங்கிப் போடுவது வீண். அந்தக் காசைப் புது மெஷினுக்கு ஒதுக்குங்கள். எஸ்எஸ்டி மட்டும் பரவாயில்லை, பின்னால் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.