18,500 ரூபாய் போச்சு: “லூஸ், கம்ப்ளீட், ஒரிஜினல்” என்று சினிமா ரோபோ பொம்மை விற்கிறவர்களிடம் உஷார்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். லாரியாக மாறும் ரோபோ பொம்மை எம்.பி.எம்.-4 ஆப்டிமஸ் பிரைம், லூஸ் (அதாவது பெட்டி பிரித்தது), பெட்டி உண்டு, ஆயுதங்கள் உண்டு, நூறு சதவீதம் ஒரிஜினல் என்று சொல்லி 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு நகல் சரக்கை அனுப்பியிருக்கிறார் ஒருவர். படம் பகிரும் செயலி ஒன்றில் பக்கம் வைத்து, கைமாறும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளை விற்கிறவர். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. நகலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் போகப்போகச் சொல்கிறேன். முதலில் நடந்தது இது.

எம்.பி.எம். என்றால் மாஸ்டர்பீஸ் மூவி. 2007இல் வந்த முதல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சினிமாவிலிருந்து தொடங்கி, திரையில் பார்த்த உருவத்துக்கு முடிந்தவரை நெருக்கமாக ஹாஸ்ப்ரோவும் டகாரா டோமியும் செய்யும் வரிசை. நான்காம் எண் ஆப்டிமஸ் 2017இல் வந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய ஸ்டுடியோ சீரிஸ் என்ற இன்னொரு வரிசையில் வாயேஜர் அளவு 6.5 அங்குலம், லீடர் அளவு 8.5 அங்குலம். எம்.பி.எம்.-4 இரண்டையும்விடப் பெரியது. டை-காஸ்ட் உலோகம் கலந்தது, பேனல்கள் அதிகம், மாற்றும் படிகளும் அதிகம். புதிதாகக் கிடைக்காததால் கைமாறும் விலை ஏறிக்கொண்டே போகிறது. நம் ஊரில் நிலைமை இன்னும் மோசம். பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். கடையில் கிடைக்காத பொருள் வேண்டுமென்றால் தனி ஆட்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. இந்த மாதிரி ஆட்கள் கடை விரிப்பதும் அங்கேதான்.

நகல் என்றாலே கெட்டது என்று சொல்ல வரவில்லை. சேகரிக்கிறவர்கள் மத்தியில் அதற்கு கே.ஓ. (நாக்-ஆஃப்) என்று பெயர். அசலைவிடப் பெரிதாக்கி, உலோகம் சேர்த்து வரும் கே.ஓ.க்களில் சில நன்றாகவே இருக்கும். கே.ஓ. என்று சொல்லி கே.ஓ. விலைக்கு விற்றால் யாருக்கும் சண்டையில்லை. அசலுக்கு அதே அளவில் நகல் எடுத்து, அசல் பெட்டிக்குள் வைத்து, அசல் விலை வாங்குவது திருட்டு.

இவர் நம்ப வைத்த விதத்தைக் கவனியுங்கள். பெயரும் தேதியும் எழுதிய சீட்டைப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் கேட்பது நம் வழக்கம். கேட்டதும் அனுப்பினார். லாரி வடிவில் ஒன்று, ரோபோ வடிவில் நாலு பக்கமும், பெட்டியின் ஆறு பக்கமும். படத்தில் இருந்தது அசல்தான், இப்போது பார்த்தாலும் அதில் குறை சொல்ல முடியாது. பிறகு அவராகவே ஒரு செய்தி அனுப்பினார்: “ப்ரோ, மறைக்க மாட்டேன். வலது முன்கை ஓரத்துல சின்ன பெயிண்ட் சிப் இருக்கு. 19,000 சொன்னேன், 18,500 குடுங்க.” அந்தச் சிப்பை, அதாவது பெயிண்ட் பெயர்ந்த இடத்தை, கிட்டத்தில் எடுத்த படமும் கூடவே வந்தது. குறையைத் தானே சொல்லி விலையையும் குறைக்கிற ஆளை யார் சந்தேகிப்பார்கள்? 18,500 ரூபாய் யு.பி.ஐ. வழியாகப் போனது. பார்சலும் சொன்ன நேரத்துக்கு வந்தது.

வந்த பொம்மையில் அந்தச் சிப் இல்லை.

இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். படத்தில் காட்டியது வேறு, அனுப்பியது வேறு. ஆனாலும் மற்றதையும் வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் அடையாளமாக ஒரு சிப் கிடைக்காது.

பெட்டி அசல். காலிப் பெட்டிகள் தனியாக விலைக்குப் போகின்றன என்பதை மறக்காதீர்கள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் தட்டில் பொம்மை கச்சிதமாகவே உட்கார்ந்தது, அதே அளவு நகல் என்றால் உட்காரத்தான் செய்யும். தட்டில் பொருந்துகிறது என்பது ஒன்றையும் நிரூபிக்காது. திறந்ததும் பெயிண்ட் கரைப்பானின் காட்டமான நெடி. அசலில், பழையதாக இருந்தாலும், இப்படி மூக்கில் ஏறாது.

உரிமையாளர் பெயர் வார்ப்பு, அதாவது பொம்மையின் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயரைப் பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருக்கும் எழுத்து, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வழவழப்பான ஒரு திட்டு மட்டும், சுற்றியுள்ள பரப்போடு ஒட்டாமல் தெரிகிறது. அச்சில் அந்த எழுத்தை நிரப்பி மறைத்திருக்கிறார்கள். ஹாஸ்ப்ரோ பொம்மைகளில் வழக்கமாகக் குத்தியிருக்கும் ஐந்து இலக்கத் தேதிக் குறியும் இல்லை. அதைப் படிப்பது எளிது: முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 2017இல் செய்தது என்றால் 7இல் தொடங்கும், நடு மூன்று 001க்கும் 365க்கும் இடையில் இருக்கும். சில நகல்களில் குறி இருக்கும், ஆனால் எல்லாப் பீஸிலும் ஒரே எண். அதனால் ஒரே விற்பனையாளரின் இரண்டு பீஸ்களில் ஒரே குறி தெரிந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

அளவிலும் மாட்டுகிறது. அசல் பாகத்திலிருந்து நேரடியாக அச்சு எடுத்தால் நகல் சற்றுச் சிறியதாகிவிடும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஆறும்போது சுமார் 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். அசலின் அச்சைச் செய்தவர்கள் இந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு முன்பே பெரிதாக வெட்டியிருப்பார்கள். நகலெடுப்பவர் சுருங்கி முடிந்த பாகத்திலிருந்து அச்சு எடுப்பதால் இன்னொரு முறை சுருங்குகிறது. 100 மி.மீ. நீளப் பாகத்தில் சுமார் அரை மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, டிஜிட்டல் காலிப்பர் என்ற அளவுகோலில் தெரியும். அசலோடு ஒப்பிட்டு நீளமான பாகங்களில் வைத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் குறைகிறது. ஸ்கேன் செய்து சரிக்கட்டிய நகல் என்றால் இந்தச் சோதனையில் தப்பிவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

அரை மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. இந்தப் பொம்மைகள் நிற்பதே பெக்கும் (சிறு முளை) துளையும் சரியாகக் கவ்வுவதால்தான். ஆப்டிமஸ் லாரியாகும்போது இரண்டு கால்களும் ஒட்டிச் சேர்ந்து பின்பகுதி ஆகும். பெக் இளகலாக இருந்தால் நடுவில் பிளவு விழும். அதை அழுத்திச் சேர்த்தால் முன்பக்கத்தில் பானெட் தூக்கிக்கொள்ளும். பானெட்டை அமுக்கினால் கதவுப் பேனல் வெளியே வரும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கழன்றுகொள்ளும். வந்த பீஸ் இப்படித்தான் இருக்கிறது, ஒரு தடவைகூட முழு லாரியாக மூடவில்லை. ரோபோ வடிவில் இடுப்பு ராட்செட்டில் (பல்லில் மாட்டி நிற்கும் மூட்டு) கிளிக் சத்தம் கேட்கிறது, பிடிப்பு இல்லை. பல் முனைகள் மழுங்கியவை, உள்ளே ஸ்பிரிங் சொத்தை. இத்தனை எடையைத் தாங்க வேண்டிய இடுப்பு மெல்ல வழுக்கி, பொம்மை முன்னால் சாய்கிறது.

பின்களைச் சுற்றிப் பாருங்கள். கீல்களில் அடித்திருக்கும் இரும்புப் பின்னின் ஒரு முனையில் வரி வெட்டியிருக்கும், பிளாஸ்டிக்கைக் கவ்வுவது அந்த முனைதான். துளை சிறிதாகவும் பின் பெரிதாகவும் இருந்தால் சுற்றிலும் பிளாஸ்டிக் வெளுக்கும், பிறகு கீறல் விடும். நீல நிறப் பாகத்தில் வெள்ளை வளையம் தெரிந்தால் அது அழுக்கு இல்லை, உடையப்போகிற இடம். வந்ததில் இரண்டு முழங்கைகளிலும் இருக்கிறது. கண்ணாடி போன்ற பாகங்களில் இது இன்னும் ஆபத்து. காராக மாறும் சினிமா பம்பிள்பீ பொம்மைகள் பலவற்றில் ஜன்னலும் கூரையும் ஒரே ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் வார்த்து, கூரைக்கு மட்டும் மஞ்சள் அடித்திருப்பார்கள். கீலும் அதிலேயே இருக்கும். அசலிலேயே விரிசல் விடுகிற இடம் அது, நகலில் கேட்கவே வேண்டாம்.

மணிக்கட்டில் உள்ள பால் ஜாயிண்டை (குண்டு மூட்டு) கழற்றினால் வெள்ளைப் பனி மாதிரி ஒரு படலம். சூப்பர் க்ளூ உலரும்போது விடும் ஆவிதான் அப்படிப் படியும். இளகிய மூட்டு இறுக்கமாகத் தெரிய வேண்டும் என்று பசை தடவி அனுப்பியிருக்கிறார். மூட்டை இறுக்குவது தப்பில்லை, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் தரைப் பாலிஷ் ஒரு சொட்டு விட்டு உலரவைத்தாலே போதும். நெயில் பாலிஷ் மட்டும் வேண்டாம், அதில் உள்ள கரைப்பான் ஏ.பி.எஸ்.ஸைத் தின்னும், ஒளிபுகும் பாகத்தில் நுண்விரிசல் விடும்.

எடையையும் காந்தத்தையும் நம்பாதீர்கள். நகலிலும் உலோகம் போடுகிறார்கள், சில நகல்கள் அசலைவிடக் கனம். டை-காஸ்ட் என்பது துத்தநாகக் கலவை, அதில் காந்தம் ஒட்டாது, பின்னிலும் ஸ்க்ரூவிலும்தான் ஒட்டும்.

இதையெல்லாம் படத்தோடு எழுதி அனுப்பினேன். வந்த பதில்கள்:

“பேட்ச் வேரியேஷன் ப்ரோ.” தொகுதிக்குத் தொகுதி பெயிண்ட் நிழல் மாறலாம், ராட்செட் இறுக்கம்கூட மாறலாம். உரிமையாளர் பெயர் மறைந்துபோகாது.

“இது டகாரா வெர்ஷன், அப்படித்தான் இருக்கும்.” இரண்டு நிறுவனங்களும் ஒரே அச்சைப் பகிர்கின்றன. பெட்டியும் பெயிண்டும் வேறுபடலாம், அளவு எப்படி வேறுபடும்? அவர் அனுப்பிய பெட்டியே ஹாஸ்ப்ரோ பெட்டி!

“அந்தச் சிப் இல்லாம வந்தா உங்களுக்கு நல்லதுதானே?” இதைப் படித்ததும் வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

“உங்களுக்கு டிரான்ஸ்ஃபார்ம் பண்ணத் தெரியல, நீங்கதான் லூஸ் ஆக்கிட்டீங்க.” பார்சல் பிரிக்கும் வீடியோ கேட்டார். வெட்டாமல் எடுத்தது, உறையில் முகவரி தெரிகிறது, அனுப்பினேன். “பார்சல் எடை வீடியோல இல்லையே” என்றார். 18,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், பீஸை என் செலவிலேயே அனுப்புகிறேன் என்றதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் பிளாக்.

செயலிக்காரர்களிடம் புகார் போட்டால் தானியங்கிப் பதில்: பணம் செயலிக்கு வெளியே போனதால் தலையிட முடியாது, இந்தப் பக்கம் எங்கள் விதிகளை மீறவில்லை. வங்கியில் கேட்டால், நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணம், எங்கள் பக்கம் தவறு இல்லை என்கிறார்கள். 18,500 ரூபாய் யார் கையில் இருக்கிறது என்பது மூன்று பேருக்கும் தெரியும், எடுத்துக்கொடுக்க ஒருவரும் தயாரில்லை.

புகாருக்கு வேண்டியதைத் தொகுக்கும் வேலை இருப்பதால், இனி வாங்கப்போகிறவர்களுக்கு அவசரமானதை மட்டும் சொல்கிறேன். சீட்டு வைத்த படம் போதாது. ரோபோவிலிருந்து லாரியாக முழுக்க மாற்றுவதை வெட்டாத ஒரே வீடியோவாகக் கேளுங்கள், சீட்டு முழு நேரமும் தெரிய வேண்டும். அதே வீடியோவில் உரிமையாளர் வார்ப்பு, தேதிக் குறி, முழங்கைப் பின்கள் மூன்றையும் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள், தேதிக் குறியைக் குறித்து வைத்துக்கொண்டு வந்த பீஸோடு ஒப்பிடுங்கள். முடியாது என்றால் பேச்சை முடித்துவிடுங்கள். தெரியாத ஆளுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள், நேரில் கைமாற்ற முடிந்தால் நேரில்தான். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், தாமதித்தால் அந்தக் கணக்கில் பணம் இருக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உரையாடல், பணம் போன ரசீது, பார்சல் உறை எதையும் அழிக்காதீர்கள், எறியாதீர்கள்.

அதே பக்கத்தில் வேறொரு கணக்கிலிருந்து பார்த்தேன். எம்.பி.எம்.-4 “லூஸ், கம்ப்ளீட்” மறுபடி விற்பனைக்கு இருக்கிறது, 19,000 ரூபாய். வலது முன்கையில் அதே சிப்.