காசிமேட்டில் மதியச் சாப்பாடு: கடைக் குழம்பா, நாமே வாங்கிக் கொடுத்து வறுவலா?

சென்னையில் காசிமேடு, ராயபுரம் பக்கம் குறைந்த செலவில் மீன் சாப்பிட இரண்டு வழி. தள்ளுவண்டியிலோ சின்னக் கடையிலோ மீன் குழம்புச் சாப்பாடு வாங்குவது ஒன்று. துறைமுகத்தில் மீனை நாமே வாங்கி, சுத்தம் செய்து, வறுத்துத் தரும் கடையில் கொடுப்பது இன்னொன்று.

தனி ஆளாகப் போனால் யோசிக்கவே வேண்டாம், குழம்புச் சாப்பாடுதான். விலை குறைந்த கானாங்கெளுத்தியும் மத்தியும் புளிக்குழம்பில் ஊறிவிட்டால் வஞ்சிரத்தைத் தேடவே தோன்றாது. காலையில் வைத்த குழம்பு மதியம்தான் பக்குவத்துக்கு வரும்: மேலே எண்ணெய் பிரிந்து, மாங்காய்த் துண்டு குழைந்து, மீன் மட்டும் உடையாமல் இருக்கும். சூடான சோற்றின் நடுவே குழி பறித்து ஊற்றச் சொல்லுங்கள். இன்னொரு கரண்டி குழம்பு கேட்கத் தயங்க வேண்டாம். பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நாலைந்து பேர் என்றால் வாங்கிக் கொடுப்பதுதான் லாபம். சங்கரா, நெத்திலி, இறால் என்று கலந்து வாங்கலாம். செவுளைத் தூக்கிப் பாருங்கள், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். சுத்தம் செய்யவும் வறுக்கவும் தனித்தனிக் கூலி, முன்பே பேசிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, வார நாளே நல்லது.

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பெரிய மீன் விலை எகிறும். அப்போது பைபர் படகுகள் கொண்டுவரும் மீன்தான் கைகொடுக்கும். அந்த இரண்டு மாதமும் குழம்புக் கடையே சரி.