மழைக்கால மாட்டிறைச்சி சில்லி: பீன்ஸ் போட்டா, போடாமலா?

கொழும்பில் குளிர் என்று ஒன்று கிடையாது என்பார்கள் மலைநாட்டுக்காரர்கள். வெப்பமானியைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் ஜூன் மாதத்தில், தென்மேற்குப் பருவக்காற்று கடலில் இருந்து நேரே வெள்ளவத்தைச் சன்னல்களில் வந்து மோதும்போது, காயப்போட்ட துணி மூன்று நாளாகியும் ஈரம் போகாமல் தொங்கும்போது, சூடாகவும் காரமாகவும் கெட்டியாகவும் ஏதாவது வேண்டும் என்று உடம்பு கேட்கும். ரசம் அதற்குக் காணாது. அப்படிப்பட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரே கடை இறைச்சியை வைத்து, அமெரிக்கர்கள் குளிருக்குச் சமைக்கும் சில்லியை இரண்டு விதமாக வைத்துப் பார்த்தேன். ஒன்று டெக்சாஸ்காரர்களின் பீன்ஸ் இல்லாத சட்டி. மற்றது உலகம் முழுவதும் வீடுகளில் வைக்கிற, பீன்ஸும் தக்காளியும் போட்ட சட்டி.

சில்லி கொன் கார்னே என்றால் ஸ்பானிய மொழியில் இறைச்சியோடு சேர்ந்த மிளகாய். பெயரிலேயே மிளகாய்தான் முன்னுக்கு நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில், பொழுது சாய்ந்ததும் மெக்சிக்கப் பெண்கள் அடுப்பு மூட்டி இதை விற்றார்கள். சில்லி ராணிகள் என்று அவர்களுக்குப் பெயர். காலிமுகத் திடலில் மாலையானதும் இறால் வடை வண்டிகள் வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சதுக்கம் நினைவுக்கு வரும். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியிலேயே சான் அன்டோனியோ சில்லிக்கு ஒரு கடை இருந்தது. 1930களில் சுகாதார விதிகளைக் காட்டி அந்தப் பெண்களைச் சதுக்கத்திலிருந்து அகற்றினார்கள். 1977இல் அதே டெக்சாஸ் சில்லியைத் தன் மாநில உணவாக அறிவித்தது. அந்தப் பெண்கள் அதைப் பார்க்க இருக்கவில்லை என்பது எனக்கு இன்னமும் வருத்தம்.

சரி, சட்டிக்கு வருவோம். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பீன்ஸ் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, வித்தியாசம் மிளகாயில் இருக்கிறது. பீன்ஸ் சட்டியில் மிளகாய் தூளாக வந்து காரம் கொடுத்துவிட்டுப் போகிறது. குழம்புக்கு உடம்பு கொடுப்பது தக்காளி. டெக்சாஸ் சட்டியில் மிளகாயே குழம்பு. காய்ந்த மிளகாயை முழுசாக வாட்டி, ஊறவைத்து, விழுதாக அரைத்து, அந்த விழுதிலேயே இறைச்சியை வேகவைக்கிறார்கள்.

இங்கேதான் கொழும்பு அடுப்புக்குச் சிக்கல். அவர்கள் போடும் ஆஞ்சோ என்ற மிளகாய் காரம் மிகவும் குறைந்தது, காய்ந்த பழம் போல ஓர் இனிப்பு அதில் இருக்கும். ஒரு சட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு போட்டாலும் வாய் தாங்கும். நம்முடைய செத்தல் மிளகாயை அந்தக் கணக்கில் போட முடியாது. முதல் தடவை நான் போட்டேன். நிறம் அவ்வளவு அழகு, ஆனால் பிள்ளைகள் ஒரு கரண்டியோடு எழுந்து போய்விட்டார்கள். செத்தலைக் குறைத்தாலோ காரம் சரியாகிவிடும், குழம்பு தண்ணீராகிவிடும். பல தடவை மாற்றி மாற்றிப் பார்த்து நான் வந்து நின்ற கணக்கு இது: ஒரு கிலோ இறைச்சிக்குக் காஷ்மீர் மிளகாய் பத்து, செத்தல் இரண்டு, அப்புறம் நன்றாகப் பழுத்துச் சிவந்த கறிமிளகாய் இரண்டு. கறிமிளகாயை நேரே நெருப்பில் சுட்டுத் தோலை உரித்துச் சேர்க்கிறேன். ஆஞ்சோவின் இனிப்பில் பாதியாவது அதில் வந்துவிடுகிறது.

வாட்டுகிற வேலையை மெதுவாகச் செய்ய வேண்டும். காம்பையும் விதையையும் நீக்கி, காய்ந்த தாச்சியில் சிறு நெருப்பில் போட்டால், தோல் முதலில் இளகும், பிறகு ஓரம் லேசாக உப்பும், அதோடு ஒரு வாசம் எழும்பும். காய்ந்த திராட்சையும் புகையிலையும் கலந்த மாதிரி. அந்த வாசம் வந்த உடனே இறக்கிவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு இருபது, முப்பது விநாடிதான். கறுத்துப்போனால் கசப்பு ஏறிவிடும், மூன்று மணி நேரம் கொதித்தாலும் அது போகாது. மழைக்காகச் சன்னல்களைச் சாத்தி வைத்திருந்தால் ஒன்றையாவது திறந்துவிடுங்கள். மாடிவீட்டில் செத்தல் நெடி படிக்கட்டு வழியாக எல்லா வீட்டுக்கும் போகும்; மேல்மாடியில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வாட்டிய மிளகாயைச் சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நாலு பல் உள்ளியும், வறுத்துப் பொடித்த நற்சீரகம் ஒரு மேசைக்கரண்டியும் சேர்த்து நைசாக அரைத்தால் விழுது தயார்.

இறைச்சி விஷயத்தில் இரண்டு சட்டியும் இரண்டு வழியில் போகின்றன. டெக்சாஸ் சட்டிக்குத் துண்டு, பீன்ஸ் சட்டிக்கு அரைத்த இறைச்சி. வழக்கமாக வாங்கும் கடையில் "கறிக்கு என்றால் தொடைப் பக்கம் தாறேன் தங்கச்சி" என்றார் கடைக்காரர். "இல்லை நானா, சவ்வோடு கால் பக்கம் தாங்க" என்று கேட்டு வாங்கினேன். சவ்வில் இருக்கும் கொலாஜன், மெல்லிய கொதியில் மணிக்கணக்காகக் கிடந்தால் ஜெலட்டினாக மாறிக் குழம்பிலேயே கரைந்துவிடும். உதட்டில் ஒட்டுகிற மாதிரி ஒரு கெட்டித்தன்மை வருவது அதனால்தான். தொடை இறைச்சி பார்க்க அழகு. இவ்வளவு நேரம் வெந்தால் நார் நாராகக் காய்ந்துவிடும். இங்கே கிடைக்கும் மாட்டிறைச்சியில் கொழுப்பு குறைவு என்பதால் அரைத்த இறைச்சிக்கும் அதே கதிதான்: கவனிக்காவிட்டால் மணல் மாதிரி உதிர்ந்து போகும். அதற்குக் கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துக் கண் முன்னாலேயே அரைத்துத் தரச் சொல்ல வேண்டும். போயா என்கிற பௌர்ணமி தினத்தில் இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும், முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

நம் வீடுகளில் இறைச்சியைக் கழுவாமல் அடுப்பில் ஏற்ற மாட்டோம். கழுவினால் வடியவிட்டு, சுத்தமான துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் இறைச்சி அவியுமே தவிர சிவக்காது. சிவந்து அடியில் பிடிப்பதில்தான் பாதி ருசி இருக்கிறது. ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டாமல் மூன்று தடவையாகப் பிரித்து வறுக்க வேண்டும்.

பீன்ஸ் சட்டிக்கு வேறு கவனம் தேவை. ராஜ்மா என்று விற்கும் சிவப்பு பீன்ஸைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடக் கூடாது. அதில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது, வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெதுவாக வேகவைக்க வேண்டும். குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சட்டியில் பச்சைப் பீன்ஸை நேரடியாகப் போடவே போடாதீர்கள். தகரத்தில் வருவது ஏற்கனவே வெந்தது, பயமில்லை. இன்னொன்று, தக்காளியின் புளிப்பு பீன்ஸ் வேகுவதைத் தடுக்கும். தனியாக முழுதாக வேகவைத்துத்தான் தக்காளிக் குழம்பில் சேர்க்க வேண்டும். ஏப்ரல் விடுமுறைக்கு நுவரெலியா போய் இதைச் சமைக்கிறவர்களுக்கு: அங்கே உயரம் 1,868 மீட்டர், தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பீன்ஸ் கொழும்பில் வேகும் நேரத்தில் அங்கே வேகாது. குக்கரைக் கையோடு கொண்டு போங்கள்.

ராஜ்மாவுக்குப் பதிலாகக் கௌபி போட்டும் பார்த்தேன். சீக்கிரம் வெந்து மெத்தென்று வந்தது. ஆனால் கௌபியைக் காலையில் தேங்காய்ப்பூவோடு சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அது காலைச் சாப்பாடாகவே தெரிகிறது. கையில் அதுதான் இருந்தால் போடுங்கள், தேடிப்போய் வாங்க வேண்டாம்.

மூன்றாவதாக சின்சினாட்டி நகரத்துச் சில்லி ஒன்றும் உண்டு. 1922இல் மசிடோனியாவிலிருந்து குடியேறிய சகோதரர்கள் தொடங்கி வைத்தது. கறுவாவும் கராம்பும் போட்டு, நீர்க்க வைத்து, ஸ்பெகட்டி மேல் ஊற்றுவார்கள். கறுவா பிறந்த நாட்டில் இருந்துகொண்டு அதை விட்டுவைக்க மனமில்லாமல் ஒரு முறை வைத்தேன். வாசம் பிரியாணிப் பக்கம் போய்விட்டது. மழைக்கு அது கெட்டி காணாது.

டெக்சாஸ் சட்டி கொதித்துக்கொண்டிருந்தபோது மாமி வந்து மூடியைத் திறந்து பார்த்தார். "இது எங்கட இறைச்சிக் கறிதானே பிள்ளை, ஏன் பால் விடேல்லை?" நியாயமான கேள்வி. மாமியின் யாழ்ப்பாணக் கறித்தூளில் மல்லி, மிளகாய், மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் வறுபட்டு ஒன்றாகிவிட்டவை. தனித்து எதுவும் தெரியாது. சில்லியில் மிளகாய்க்கு அடுத்து நற்சீரகம் ஒன்றுதான் பேச வேண்டும். ஒரு கரண்டி கறித்தூள் விழுந்தாலும், ரம்பையோ கறிவேப்பிலையோ ஒன்று விழுந்தாலும், சட்டி உடனே நம்முடைய கறியாகிவிடும். நல்ல கறிதான், ஆனால் அது வேறு சாப்பாடு. நம் பக்கத்திலிருந்து நான் உள்ளே விடுவது இரண்டை மட்டும். ஒன்று, பல்கனித் தொட்டியில் வளரும் கற்பூரவள்ளி இலை ஒன்று. ஓரிகானோ என்ற மூலிகை இலையில் இருக்கும் அதே கார்வக்ரோல் என்ற வாசனைப் பொருள் இதிலும் உண்டு. ஒன்றுக்கு மேல் போட்டால் இருமல் மருந்து வாசம் வரும். மற்றது, குழம்பு கெட்டியாவதற்கு, வறுத்த சிவப்பரிசி மா ஒரு மேசைக்கரண்டி, குளிர்ந்த நீரில் கரைத்து. டெக்சாஸில் இதற்குச் சோளமாவைக் கரைத்து விடுவார்கள்.

நேரக் கணக்கில் பீன்ஸ் சட்டிதான் வெல்கிறது. பீன்ஸ் ஏற்கனவே வெந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் சாப்பாடு மேசைக்கு வந்துவிடும். டெக்சாஸ் சட்டிக்கு மெல்லிய கொதியில் இரண்டரை, மூன்று மணி நேரம் வேண்டும். 2022இல் காஸ் வரிசையில் வெற்றுச் சிலிண்டரோடு நின்றவர்களுக்கு மூன்று மணி நேர நெருப்பு என்பது சின்ன விஷயமில்லை. இப்போது நான் குக்கரில் நாற்பது நிமிடம் வைத்து, பிறகு மூடியைத் திறந்து இருபது நிமிடம் வற்றவிடுகிறேன். குக்கரில் நீர் ஆவியாகி அதிகம் வெளியே போகாது, அதனால் இறைச்சி மூழ்கும் அளவுக்கும் குறைவாகத்தான் நீர் விட வேண்டும். ஞாயிறு சட்டியின் ஆழம் அதில் முழுதாக வராது. முக்கால்வாசி வரும்.

செலவிலும் பீன்ஸ் சட்டிக்கே வெற்றி. அறுநூறு கிராம் இறைச்சியும் கால் கிலோ ராஜ்மாவும் எட்டுப் பேருக்குக் காணும். டெக்சாஸ் சட்டியில் ஒரு கிலோ இறைச்சி ஐந்து பேரோடு முடிந்துவிடும். பிள்ளைகள் கேட்பதும் பீன்ஸ் சட்டியைத்தான். தக்காளியின் புளிப்பினிப்பு அவர்களுக்குப் பிடிக்கிறது.

ஆனாலும் என் கை டெக்சாஸ் சட்டிக்குத்தான் போகிறது. மழை இரைச்சலில் அதை ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால், முதலில் மிளகாயின் இனிப்பு, பிறகு இறைச்சி, கடைசியில்தான் மெதுவாகச் சூடு தொண்டையில் இறங்கும். பீன்ஸ் சட்டியில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் முடிந்துவிடுகிறது. தக்காளியைப் பற்றி மட்டும் டெக்சாஸ் பிடிவாதக்காரர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அந்த மாநிலத்திலிருந்து ஜனாதிபதியான லிண்டன் ஜோன்சன் வீட்டுச் செய்முறையில் பீன்ஸ் கிடையாது, தக்காளி உண்டு. நானும் ஒன்று போடுகிறேன். பீன்ஸை உப்புப் போட்டுத் தனியாக அவித்து மேசையில் வைத்துவிடுவேன், வேண்டியவர்கள் அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். டெக்சாஸிலும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட யாரும் மறுப்பதில்லை.

தொட்டுக்கொள்ள அவர்கள் சோள ரொட்டி வைப்பார்கள். தேங்காய் ரொட்டி நன்றாகச் சேரும் என்று நினைத்தேன். தேங்காயின் இனிப்பு மிளகாயின் இனிப்பை மூடிவிட்டது. ரோஸ்ட் பாண்தான் சரி. பின்னேரம் போறணைச் சூட்டோடு வருவதை வாங்கி, மொறுமொறுப்பான மேல்பக்கத்தைக் கிழித்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். மேலே கொஞ்சம் பச்சை வெங்காயம், அரைத் தேசிக்காய்.

மிச்சம் வைக்க விரும்பினால் டெக்சாஸ் சட்டியையே வையுங்கள், மறுநாள் அது இன்னும் நன்றாயிருக்கும். ஆனால் கொழும்புச் சூட்டில் இரவு முழுக்க அடுப்பு மேலேயே விட்டுவிடக் கூடாது. அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தால் மேலே சிவப்பாகக் கொழுப்பு உறைந்திருக்கும், கீழே குழம்பு ஜெலி மாதிரி ஆடும். திங்கட்கிழமை காலை மாமி அதைச் சூடாக்கிப் பிட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பால் விடவில்லை.