பனியுகக் கடல் எவ்வளவு குளிர்ந்தது? ஃபோராம் ஓடுகளைக் கேட்க மூன்று வழிகள்

ஃபோராமினிஃபெரா, சுருக்கமாக ஃபோராம், கடலில் வாழும் ஒருசெல் உயிரி. மணல் துகள் அளவே உள்ள அதன் ஓடுகளை வைத்துப் பழைய கடலின் வெப்பநிலையைக் கணக்கிட மூன்று வழிகள் அதிகம் புழங்குகின்றன. எந்த இனம் எத்தனை என்று எண்ணலாம். ஓட்டின் ஆக்சிஜன் ஐசோடோப்பை, அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தை, அளக்கலாம். கால்சியத்தோடு கலந்திருக்கும் மெக்னீசியத்தை அளக்கலாம். மூன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்போம். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, வெப்பமண்டலக் கடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது?

முதலில் ஐசோடோப். தண்ணீர் குளிரக் குளிர, ஓட்டில் கனமான ஆக்சிஜன்-18 கூடும். ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால் ஏறக்குறைய 4 டிகிரி குறைவு. இப்படிக் கணக்குப் போட்டுத்தான் செசாரே எமிலியானி 1955இல் கரீபியன் கடல் 6 டிகிரி வரை குளிர்ந்தது என்றார். சிக்கல் எங்கே என்றால், நிலத்தில் குவியும் பனி இலகுவான ஆக்சிஜன்-16ஐ அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் கடல்நீரில் ஆக்சிஜன்-18இன் பங்கு கூடிவிடும். எமிலியானிக்கு இது தெரியும், ஆனால் குறைத்து மதிப்பிட்டார். 1967இல் நிக்கோலஸ் ஷாக்கில்டன் கடல்தரையில் வாழும் ஃபோராம்களின் அளவீடுகளை எடுத்துக்காட்டினார். ஆழ்கடல் நீர் இன்றைக்கே உறைநிலைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. இன்னும் 6 டிகிரி குளிர அங்கே இடமே இல்லை. அப்படியிருந்தும் ஐசோடோப் மாற்றம் கிட்டத்தட்ட மேற்பரப்பில் கண்ட அளவுக்கே இருந்தது. ஆக, அதில் பெரும்பகுதி பனியின் கணக்கு. வெப்பமானியாகத் தடுமாறிய முறை, உலகில் எவ்வளவு பனி இருந்தது என்று சொல்லும் கருவியாக நின்றுவிட்டது.

எண்ணும் வழிக்கு இயந்திரம் வேண்டாம், பொறுமை வேண்டும். 150 மைக்ரான் சல்லடையில் தங்குவதை நுண்ணோக்கியின் கீழ் பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக ஒதுக்கி, சுமார் 300 ஓடுகளை இனம் பிரிக்க வேண்டும். இன்றைய கடலில் அந்தக் கலவை எந்த வெப்பநிலையில் கிடைக்கிறதோ, அதுவே பழைய கடலின் வெப்பநிலை. ஜான் இம்ப்ரியும் நில்வா கிப்பும் 1971இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார்கள். அதைக் கொண்டு, பனியுகக் கடலின் வெப்பநிலையை வரைபடமாக்கிய கிளைமேப் திட்டம் சொன்ன விடை: வெப்பமண்டலத்தின் பெரும்பகுதியில் குளிர்ந்தது 2 டிகிரிக்கும் குறைவாகவே. ஆனால் உயிரினம் வெப்பத்தை மட்டும் பார்த்து வாழ்வதில்லை. குளிர்ந்த கடல்களில் பெருகும் குளோபிஜெரினா புல்லாய்டஸ், தென்மேற்குப் பருவக்காற்று அடியாழத்து நீரை மேலே கிளப்பும்போது அரபிக்கடலிலும் கொழிக்கிறது. அங்கே அதைக் காற்றின் வலிமைக்குச் சான்றாகத்தான் படிக்கிறார்கள்.

மெக்னீசியத்துக்குப் பனி பற்றிய கவலை இல்லை. ஒரு டிகிரி கூடினால் ஓட்டில் அதன் விகிதம் ஏறக்குறைய 9 சதவீதம் ஏறும். 2000இல் டேவிட் லீ குழு இதே வழியில் வெப்பமண்டலப் பசிபிக்குக்குச் சொன்ன குளிர்ச்சி சுமார் 2.8 டிகிரி. இதன் எதிரி களிமண். ஓட்டின் அறைகளுக்குள் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அதிலுள்ள மெக்னீசியம் கடலைச் சூடாகக் காட்டிவிடும். ஓட்டை உடைத்து, மீயொலித் தொட்டியில் பலமுறை அலசியே தீர வேண்டும். ஆழத்தில் கரைந்த ஓடோ நேர்மாறாக, குளிராகக் காட்டும்.

என் தேர்வு, ஒரே ஓடுகளில் மெக்னீசியத்தையும் ஐசோடோப்பையும் சேர்த்து அளப்பதுதான். முதலாவது தரும் வெப்பநிலையை இரண்டாவதிலிருந்து கழித்தால், கடல்நீரின் ஐசோடோப் தனியே கிடைக்கும். பனியும் உப்பும் அதில் தெரியும். ஆனாலும் எண்ணாமல் நேரே ஆய்வகத்துக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். எந்தக் கலவையிலிருந்து ஓட்டைப் பொறுக்கினோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

அரியலூரின் கிரிட்டேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிக் காலம்) படிவுகள் போல மிகப் பழையவற்றில் கணக்கே வேறு. அந்த இனங்கள் இன்றில்லை, அதனால் எண்ணிக்கை டிகிரி தராது. மிதவை இனங்களுக்கும் தரைவாழ் இனங்களுக்கும் உள்ள விகிதம் கடலின் ஆழத்தைச் சொல்லும், அவ்வளவுதான். கடல்நீரின் மெக்னீசியமும் அன்று வேறு அளவில் இருந்தது. ஐசோடோப்பை நம்பலாம் என்றால், ஓடு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ இருக்க வேண்டும். சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால், கடல்தரையின் குளிர்ந்த நீரில் மறுபடிகமாகியிருக்கும். பால் பியர்சன் குழு 2001இல் தான்சானியக் களிமண்ணிலிருந்து கண்ணாடி ஓடுகளை அளந்தபோதுதான், கிரிட்டேசியஸ் காலத்திலும், டைனோசர்கள் அழிந்த பின் வந்த இயோசீன் காலத்திலும் வெப்பமண்டலக் கடல்கள் முன்பு நினைத்ததைவிட நன்றாகவே சூடாக இருந்தது தெரிந்தது. வெளுத்த ஓடு ஆயிரம் கிடைத்தாலும், கண்ணாடி ஓடு பத்தையே எடுப்பேன்.