ரயில்ல ஸ்ட்ரோலர் சரிப்படுமா? சென்னை டு கோவை போய்ட்டு வந்து எழுதுற ரிவ்யூ

பாப்பாவுக்கு இப்ப பத்து மாசம். பொறந்ததுல இருந்து கோவைல இருக்கற மாமியார் வீட்டுக்கு கார்லயேதான் போய்ட்டு இருந்தோம், இந்த தடவை ரயில்ல போலாம்னு முடிவு பண்ணதும் ஸ்ட்ரோலரை (குழந்தைய உக்கார வெச்சு தள்ளிட்டு போற வண்டி) எடுத்துட்டு போறதா வேணாமாங்கறதுதான் வீட்ல பெரிய பேச்சா இருந்துச்சு. கேட்ட எல்லாரும் "எதுக்கும்மா அந்த பாரம், இடுப்புல வெச்சுட்டு போய்டு"ன்னாங்க. பத்து கிலோ குழந்தைய இடுப்புல வெச்சுட்டு, தோள்ல டயப்பர் பேக் மாட்டிட்டு, ஒரு மணி நேரம் ஸ்டேஷன்ல நின்னு பாத்தவங்களுக்குதான் அந்த கஷ்டம் தெரியும். நான் எடுத்துட்டு போனேன். அடுத்த தடவையும் எடுத்துட்டு போவேன், ஆனா சில விஷயம் மாத்தி செய்வேன், அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நம்ம ஊர்ல ஸ்ட்ரோலர் ரயிலுக்குள்ள தள்றதுக்கு இல்ல, ஸ்டேஷனுக்குத்தான். ரயில்ல ஏறிட்டா அதுவும் ஒரு லக்கேஜ் அவ்ளோதான். அதனால கடைல பாக்கும்போது கலரு, கப் ஹோல்டர்லாம் விட்டுட்டு மடிச்சா எவ்ளோ சின்னதாகுது, ஒரு கையால மடிக்க முடியுமா, தோள்ல மாட்ட பட்டை இருக்கா, இத மட்டும் பாருங்க. ரயில்வே விதிப்படி பெட்டிக்குள்ள எடுத்துட்டு வர்ற சூட்கேஸ் 100 செ.மீ நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள்ள இருக்கணும், ஏசி 3 டயர், சேர் கார்ல அதுவே 55, 45, 22.5 தான். ஸ்ட்ரோலரை யாரும் டேப் வெச்சு அளந்து பாக்கல, ஆனா சீட்டுக்கு கீழ, மேல ரேக்ல எல்லாம் இருக்கற இடம் ஏறக்குறைய அந்த கணக்குக்குத்தான் இருக்கு, அதனால வாங்கும்போது இந்த நம்பர மனசுல வெச்சுக்கோங்க.

எங்ககிட்ட மொதல்ல இருந்தது குடை மாதிரி நீளமா மடியற டைப், மடிச்சாலும் ஒரு மீட்டர் நீளம் இருக்கும், பக்கத்து சீட்காரங்க காலை இடிக்கும். அத அக்கா பையனுக்கு குடுத்துட்டு பெட்டி மாதிரி சின்னதா மடியற கேபின் டைப் ஒண்ணு ஆன்லைன்ல ஏழாயிரத்து சொச்சம் ரூபாய்க்கு வாங்கினோம். எடை ஆறரை கிலோ. எந்த கம்பெனின்னு இங்க சொல்லல, கீழ ஒரு குறை சொல்லப் போறேன், அது இந்த மாதிரி வண்டி நிறையத்துல இருக்கற விஷயம்.

போனது வந்தே பாரத்ல. வீடு அசோக் நகர்ங்கறதால மெட்ரோல சென்ட்ரல் போனோம், இந்த மொத்த பயணத்துலயே எனக்கு நிம்மதியா இருந்த பகுதி இதுதான். லிஃப்ட் இருக்கு, வீல்சேருக்குன்னு வெச்சிருக்கற அகலமான கேட்ல வண்டி அப்படியே உள்ள போய்டுது, பிளாட்ஃபாரமும் ரயில் தரையும் ஒரே மட்டம், பாப்பா தூக்கம் கலையாமலே சென்ட்ரல் வரைக்கும் வந்துட்டா. (எஸ்கலேட்டர்ல மட்டும் ஸ்ட்ரோலரை ஏத்தாதீங்க, லிஃப்ட்டுக்கு அஞ்சு நிமிஷம் நிக்கணும்னாலும் நில்லுங்க.)

சென்ட்ரலோட பெரிய வசதி நிறைய பேருக்கு தோணறதே இல்ல. எல்லா ரயிலும் அங்க வந்து முடியற ஸ்டேஷன் அது, அதனால தண்டவாளத்த தாண்டி போகவே வேண்டாம், வாசல்ல நுழைஞ்சு நேரா எந்த பிளாட்ஃபாரத்துக்கும் வண்டிய தள்ளிட்டே போய்டலாம், பாலம் படி எதுவும் கிடையாது. எக்மோர் அப்படி இல்ல, ரயில்கள் கடந்து போற ஸ்டேஷன், பிளாட்ஃபாரம் மாறணும்னா மேல ஏறி இறங்கித்தான் ஆகணும். உங்களுக்கு ரெண்டுல எதுன்னு தேர்ந்தெடுக்கற வாய்ப்பு இருந்து, குழந்தை ஸ்ட்ரோலர்ல இருந்தா, கண்ண மூடிட்டு சென்ட்ரல்ல இருந்து கிளம்பற ரயிலா பாருங்க. இன்னொண்ணு, கிளம்பற ஸ்டேஷன்ல ரயில் முன்னாடியே வந்து நிக்கும், பொறுமையா ஏறலாம். நடுவுல ஏறினா பெரும்பாலும் ரெண்டு நிமிஷம்தான்.

வந்தே பாரத் கதவு தானா மூடற கதவு, அதனால ஒருத்தர் உள்ள ஒருத்தர் வெளியன்னு நின்னு வண்டிய கை மாத்தற வேலையே வேணாம். நாங்க பிளாட்ஃபாரத்துலயே மடிச்சுட்டோம். பாப்பா என் இடுப்புல, வலது கையால கைப்பிடில இருக்கற பட்டன அமுக்கி முன்னாடி தள்ளினா வண்டி அப்படியே சுருண்டு உக்காந்துடும், ஆனா அதுக்கு முன்னாடி மேல இருக்கற வெயில் மறைப்ப பின்னாடி தள்ளணும், இல்லன்னா பாதில நின்னுடும். வீட்ல பத்து தடவை பழகிட்டு வாங்க, ரயில் வந்தப்புறம் பழக முடியாது. சேர் கார்ல ஒரு பெட்டிக்கு 78 சீட், ஒரு பக்கம் மூணு ஒரு பக்கம் ரெண்டு, எங்களுக்கு ரெண்டு சீட் பக்கம் கிடைச்சது, மடிச்ச வண்டி மேல ரேக்ல படுக்க வெச்சா சரியா உக்காந்துச்சு.

அஞ்சு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு தனி சீட் கேக்கலைன்னா டிக்கெட் வேணாம், தனி சீட் வேணும்னா முழு சார்ஜ். நாங்க காச மிச்சம் பண்ணலாம்னு மடிலயே வெச்சுட்டு போனோம், சேலம் தாண்டறதுக்குள்ள எனக்கு தொடை ரெண்டும் மரத்துப் போச்சு. முடிஞ்சவங்க மூணாவது சீட் போட்டுடுங்க. சுடு தண்ணி கேட்டதும் கொண்டு வந்து குடுத்தாங்க, இருந்தாலும் ஃபிளாஸ்க் கைல இருக்கட்டும். ஈரோடுக்கு முன்னாடி காவிரி பாலம் வரும்ல, சாயந்திர வெளிச்சத்துல பாலத்து கம்பியோட நிழல் பாப்பா மூஞ்சில பட்டு பட்டு ஓடுது, அவ ரெண்டு உள்ளங்கையையும் ஜன்னல் கண்ணாடில அப்பி வெச்சுட்டு மூச்சு விடாம பாக்கறா, கார்ல போயிருந்தா பின் சீட்ல தூங்கிட்டு இருந்திருப்பா.

திரும்பி வரும்போதுதான் கஷ்டம். நடுவுல ஒரு ஜங்ஷன்ல இறங்கி சொந்தக்காரங்க கிரகப்பிரவேசத்துக்கு போய்ட்டு அன்னிக்கு ராத்திரியே அங்க இருந்து சென்னைக்கு ஏசி 3 டயர்ல புக் பண்ணியிருந்தோம். எந்த ஸ்டேஷன்னு வேணாம். நாங்க இறங்கின பிளாட்ஃபாரத்துல லிஃப்ட் பூட்டி இருந்துச்சு, யார கேக்கறதுன்னும் தெரியல, பின்னாடி கூட்டம் நெருக்குது, சரி தூக்கிடலாம்னு பாப்பாவ வண்டிலயே வெச்சு என் வீட்டுக்காரர் பின்னாடி கைப்பிடிய புடிச்சுக்கிட்டார். முன்னாடி புடிக்க காலேஜ் பையன் மாதிரி ஒரு தம்பி தானா ஓடி வந்தான், குழந்தை முன்னாடி குறுக்க ஒரு கம்பி இருக்கும் பாருங்க, கை வெச்சு புடிச்சுக்கறதுக்கு, அத புடிச்சு தூக்கினான். ஏழெட்டு படி ஏறியிருப்போம், அந்த கம்பி படக்குனு கழண்டு அவன் கையோட வந்துடுச்சு. வண்டி முன் சக்கரம் படில டொக்குனு விழுந்துது. பின்னாடி அவர் விடாம புடிச்சிருந்தார், பாப்பா அஞ்சு பெல்ட்டும் போட்டு இருந்தா, ஒண்ணும் ஆகல. அந்த ஒரு நொடி இப்ப எழுதும்போதும் எனக்கு கை நடுங்குது. அந்த தம்பி மூஞ்சி வெளுத்துப் போச்சு, "அக்கா சாரிக்கா, சாரிக்கா"ன்னு திரும்ப திரும்ப சொல்றான், அவன் மேல ஒரு தப்பும் இல்ல. பாக்கற யாருக்கும் அது தூக்கற பிடி மாதிரிதான் தெரியும். அது கழட்டி மாட்ற கம்பி, பாரம் தாங்கறதுக்கு வெச்சது இல்ல.

அதனால கெஞ்சி கேட்டுக்கறேன், படின்னு வந்தா குழந்தைய வெளிய எடுத்துடுங்க. ஒருத்தர் குழந்தை, ஒருத்தர் மடிச்ச வண்டி. அவசரத்துல என்ன மாதிரி யோசிக்காதீங்க. பிளாட்ஃபாரத்துல நிக்கும்போதும் வண்டிய தண்டவாளத்த பாத்த மாதிரி நிறுத்தாம, தண்டவாளத்துக்கு இணையா நிறுத்தி பிரேக் போட்டு, ஒரு கை வண்டி மேலயே இருக்கட்டும். 2009ல மெல்போர்ன்ல ஒரு ஸ்டேஷன்ல ஸ்ட்ரோலர் தானா உருண்டு ரயில் முன்னாடி தண்டவாளத்துல விழுந்துச்சு, அந்த குழந்தை உயிர் பொழச்சது பெரிய விஷயம். மஞ்சள் கலர்ல புடைப்பு புடைப்பா டைல்ஸ் ஒட்டியிருப்பாங்கல்ல, அது மேல போனா முன் சக்கரம் கன்னாபின்னான்னு திரும்பும், சக்கரத்த நேரா லாக் பண்ணிட்டு அத தாண்டிடுங்க.

ராத்திரி ரயில்ல ஏறும்போது பிளாட்ஃபாரத்துக்கும் பெட்டிக்கும் அரை மீட்டர் உயர வித்தியாசம், படி ஏறித்தான் போகணும், உள்ள போனா பாத்ரூம் பக்கத்து திருப்பம். மடிச்ச வண்டிய பெட்டி மாதிரி இழுத்துட்டு போனேன், அங்க போய் சிக்கிக்கிச்சு, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. பக்கத்து பர்த் வரிசைல இருந்த ஒரு கோயம்புத்தூர் அம்மா எந்திரிச்சு வந்து "கண்ணு, பாப்பாள எங்கிட்ட குடு சாமி, நீ வண்டிய பாரு"ன்னு வாங்கிக்கிட்டாங்க. வண்டிய கீழ் பர்த்துக்கு அடில தள்ளினேன், சூட்கேஸ் பக்கத்துல படுத்துக்கிச்சு.

தூங்க வெக்க ஸ்ட்ரோலர் உதவும்னு நெனச்சிருந்தேன், விரிச்சு வெச்சா நடைபாதைய அடைச்சுடும், அது நடக்காது. அந்த அம்மாவேதான் "பழைய சேல இருக்குதா"ன்னு கேட்டாங்க. டயப்பர் பேக்ல விரிக்கறதுக்குன்னு ஒரு காட்டன் சேலை வெச்சிருந்தேன், அத ரெண்டு பக்க மேல் பர்த் கம்பிலயும் கட்டி தூளி போட்டுட்டாங்க. முடிச்சு போட்டுட்டு அவங்களே ரெண்டு கையாலயும் தொங்கி இழுத்து பாத்தாங்க, அப்புறம் தூளி என் முழங்கால் உயரத்துக்கு இருக்கற மாதிரி இறக்கி கட்டினாங்க. ரயில் ஆட்டத்துலயே தூளி ஆடுது, அஞ்சு நிமிஷத்துல தூங்கிட்டா. நான் கீழ உக்காந்து ஒரு கை தூளி மேல வெச்சுட்டே இருந்தேன், நல்லா தூங்கினதும் எடுத்து செவுத்து பக்கமா என் பர்த்ல போட்டுக்கிட்டேன். 2022 மே மாசம் லக்னோ மெயில்ல கீழ் பர்த்தோட சேத்து மடக்கி விரிக்கற குட்டி பேபி பர்த் வெச்சு பாத்தாங்க, பெட்டிக்கு ஒண்ணு ரெண்டு பர்த்தாவது அந்த மாதிரி எல்லா ரயில்லயும் வந்தா எத்தனை அம்மாங்க ராத்திரி நிம்மதியா படுப்பாங்க!

வண்டிக்கு மார்க் போடணும்னா மடியறதுக்கு முழு மார்க் குடுப்பேன், சக்கரத்துக்கு பாதி, அந்த முன் கம்பிக்கு ஒண்ணும் கிடையாது. கம்பி மேலயே "இத புடிச்சு தூக்காதீங்க"ன்னு தமிழ்ல பெருசா எழுதி ஒட்டுங்கன்னு கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. என் வண்டில நானே சிவப்பு இன்சுலேஷன் டேப் சுத்திட்டேன். இனிமே யாராவது உதவிக்கு ஓடி வந்தா மொதல்ல அந்த சிவப்ப காட்டி "தம்பி, அங்க வேணாம், கீழ சக்கரத்துக்கு மேல இருக்கற கம்பிய புடிப்பா"ன்னு சொல்லிடுவேன்.