ஒரு தோள்பட்டையும் ஒரு சி.டி.யும்

இந்த முறை ஊருக்குப் போனதில் தம்பி மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, விமானம் நேரத்துக்கு வந்தது, சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அதையெல்லாம் எழுதப் போவதில்லை. ஒரு சி.டி.யைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். நம் ஊர்க் குளியலறை உங்களுக்குத் தெரியாததா? சிமெண்டுத் தொட்டி, நீலப் பிளாஸ்டிக் குவளை, எப்போதும் ஈரம். அந்தத் தரையில் ஓடி விளையாடி வளர்ந்த கால்தான் இது. பர்மிங்ஹாமில் முப்பது வருடம் காய்ந்த தரையில் குளித்து மறந்துவிட்டது. இடது தோள் தொட்டி விளிம்பில் இடித்தது. கையைத் தூக்க முடியவில்லை.

வீட்டில் உடனே மாநாடு கூடிவிட்டது. தம்பி பசார் பக்கத்துச் சீன வைத்தியர், சின்சேயிடம் கட்டுப் போடலாம் என்றான். அம்மா, எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்கைக் கூப்பிட்டு எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்லலாம் என்றார். சித்தப்பா, "அந்தக் காலத்துத் தோட்டத்து டிரஸ்ஸரா இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பாரு" என்று பெருமூச்சு விட்டார். தோட்டத்து மருத்துவ உதவியாளரான அந்த டிரஸ்ஸர் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே போத்தலில் இருந்துதான் மருந்து ஊற்றுவார் என்பதைச் சித்தப்பா மறந்துவிட்டார். உருவுவதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. எலும்பு உடைந்திருந்தால் உருவுகிற உருவலில் அது இன்னும் விலகிப் போகும், நரம்பும் மாட்டிக்கொள்ளும்.

கடைசியில் ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வாசலிலேயே சக்கர நாற்காலி, உள்ளே குளிர், எக்ஸ்ரே பத்து நிமிடத்தில். பர்மிங்ஹாமில் இதற்கு நாலு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும், அதனால் எனக்குப் பரம திருப்தி. டாக்டர் படத்தைத் திரையில் ஒரு நொடி காட்டினார். மேல்கை எலும்பு, உருண்டைத் தலைக்குச் சற்றுக் கீழே உடைந்திருக்கிறது, தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும், நாளை காலையே செய்யலாம் என்றார். மூன்று நிமிடம் பேசியிருப்பார். அப்புறம் கவுண்டரில், "இன்சூரன்ஸ் இருக்கா ஆண்டி? ஜி.எல். வரணும்." ஜி.எல். என்றால் பணத்துக்குப் பொறுப்பேற்கும் உத்தரவாதக் கடிதம். அதைத் தர வேண்டிய இங்கிலாந்து இன்சூரன்ஸ்காரன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான்.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் பர்மிங்ஹாமில் பிசியோதெரபிஸ்ட். பதறவில்லை. "அம்மா, இந்த முறிவுக்கு எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லம்மா" என்றாள். பிரிட்டனில் 250 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்ததாம். இதே இடத்தில் உடைந்து எலும்பு விலகியவர்களில் பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு வெறும் ஸ்லிங், அதாவது கையைக் கழுத்தில் தொங்கவிடும் பட்டை. இரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பதில். "ஆனா எவ்வளவு விலகியிருக்கு, உருண்டையே பிளந்திருக்கா, மூட்டு நழுவியிருக்கா, அதெல்லாம் பாக்கணும். ரிப்போர்ட் வேணாம், படத்தை அனுப்பு."

படத்தை அனுப்பு. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

திரையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். கூடாதாம். மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்றேன். அதுவும் கூடாதாம். சி.டி.யில்தான் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம். கட்டினேன். வெள்ளை உறையில், என் பெயரைத் தப்பாக எழுதி, பளபளவென்று ஒரு வட்டத்தைக் கையில் கொடுத்தார்கள். முடிவை இரண்டு நாளில் சொல்கிறேன் என்று ஸ்லிங்கோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்தக் காலத்தில் சி.டி. போடுகிற கணினி எவன் வீட்டில் இருக்கிறது? மருமகனின் லேப்டாப் காகிதம்போல மெலிசு, பக்கவாட்டில் ஒரு பொத்தல்கூட இல்லை. தம்பி தன் பழைய புரோட்டோன் காரில் சி.டி. ஓட்டை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஓடினான். கார் அதை விழுங்கிவிட்டு ஐந்து நிமிடம் யோசித்துத் துப்பியது. கூடத்து டி.வி.டி. பிளேயர், 'டிஸ்க் எரர்'. போட்டோஸ்டாட் கடைக்காரர், "அதெல்லாம் தூக்கிப் போட்டு வருஷமாச்சு, தம்பி" என்றார். கழுத்தில் ஸ்லிங்கோடு, வெயிலில், கடைவரிசை முழுவதும் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் தோளுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல வலி. கடைக்குக் கடை நின்று "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார்கள், நானும் முதலிலிருந்து சொன்னேன். பர்மிங்ஹாமில் கையே கழன்று விழுந்தாலும் பஸ்ஸில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதில் ஒரு நிம்மதி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் கல்யாண வீடியோ எடுத்த ஸ்டூடியோ. அப்பா காலத்திலிருந்து இருக்கிற கடை. சுவரில் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் மாலையோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் தொங்குகிறது. தொகுதிக்காரர் ஆயிற்றே, அவர் இல்லாமல் எங்கள் ஊர்ச் சுவரா! ஸ்டூடியோ அண்ணன் மேசைக்கு அடியிலிருந்து தூசி படிந்த பெரிய பெட்டிக் கணினியை இழுத்தார். தட்டு வெளியே வந்தது. சி.டி. உள்ளே போனது. விர்ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அடைந்த சந்தோஷம், மணமேடையில் பெண்ணைப் பார்த்தபோதுகூட அடைந்ததில்லை.

திரையில் என் தோள். வெள்ளையாக ஒரு உருண்டை, அதற்குக் கீழே முறுக்கை ஒடித்த மாதிரி ஒரு சொரசொரப்பான பிளவு, துண்டுகள் லேசாக விலகி. அண்ணன் தன் தொழில் புத்தியில், "கொஞ்சம் வெளிச்சம் கூட்டட்டுமாம்மா?" என்றார். கூட்டினார். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்திருந்த இரண்டு பெரியவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். "பெருசா விலகல, ஒட்டிக்கும்" என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். அரை மணி நேரத்தில் மகளும் கிட்டத்தட்ட அதையே சொன்னாள். அண்ணன் ஐந்து வெள்ளிதான் (ரிங்கிட்) வாங்கினார்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடிமக்களுக்கு வெளிநோயாளர் பிரிவில் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து. மலேசியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, நான் மலேசிய அடையாள அட்டையான ஐ.சி.யைத் திருப்பிக் கொடுத்து வெகுநாளாயிற்று. எனக்கு வெளிநாட்டுக்காரர் கட்டணம். "இந்தத் தோட்டத்து லயத்துல பொறந்தவ இவ!" என்று அம்மா கவுண்டரில் சண்டைக்கு நின்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ரசீதைக் கிழித்தாள்.

இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே இருந்த மலாய்ப் பெண் டாக்டர் நிதானமாக உட்கார்ந்து பேசினார். மேல்கையின் வெளிப்பக்கத்தில் பஞ்சால் தொட்டு, "ராசா தாக்?", உணர்வு தெரிகிறதா என்று மலாயில் கேட்டார். தெரிகிறது என்றேன். மூட்டைச் சுற்றிப் போகும் நரம்பு அடிபட்டால் அந்த இடம்தான் மரத்துப் போகுமாம். தோளுக்கு மாவுக்கட்டுப் போட முடியாது, கை தொங்கும் பாரமே எலும்பை நேராக்கும் என்று சந்திப்பு அட்டையின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். ஸ்லிங் மூன்று வாரம், அப்புறம் பயிற்சி, இடையில் எக்ஸ்ரே எடுத்து விலகியிருந்தால் மறுபடி யோசிப்போம். ஆபரேஷன் வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். ஈப்போவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "ஓகே ஆண்டி" என்றார்கள். அவ்வளவுதான்.

விமானத்தைத் தள்ளிப் போட்டேன். படுக்க முடியாது, அப்பாவின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே தூக்கம். ஐந்தாம் நாள் கன்றல் நீலமும் பச்சையுமாக முழங்கை வரை இறங்கிவிட்டது. அம்மா அலறினார். முறிவில் கசிந்த ரத்தம் கீழே இறங்குவதுதான், பயமில்லை என்று மகள் வாட்ஸ்அப்பில் சமாதானம் சொன்னாள். மூன்று வாரம் கழித்து மேசையைப் பிடித்துக் குனிந்து கையை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு ஆட்டினேன். அப்புறம் சமையலறைச் சுவரில் விரலால் ஏறுவது. அம்மா பென்சிலால் தினமும் கோடு போட்டார். முதல் கோடு அடுப்பு மேடை உயரம். நான் கிளம்பிய அன்று கோடு ஜன்னல் கம்பியைத் தொட்டிருந்தது, மேலே இருக்கும் முருகன் நாட்காட்டிக்கு இன்னும் ஒரு முழம் பாக்கி.

பர்மிங்ஹாம் வந்து பிசியோவுக்குப் பதிந்தேன். மகள் அங்கேயே வேலை செய்தாலும் வரிசை வரிசைதான். பதினோரு வாரம் கழித்துத் தேதி கொடுத்துக் கடிதம் வந்திருக்கிறது. வெளிநாட்டில் எடுத்த எக்ஸ்ரே இருந்தால் சி.டி.யில் கொண்டுவர வேண்டுமாம்.