பழைய ஓட்டு வீடு: ஃபால்ஸ் சீலிங் அடிப்பதா, ஓடு திருப்புவதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சீமை ஓடு போட்ட பழைய வீட்டில் சித்திரை வெயிலைச் சமாளிக்க இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, பிவிசி ஃபால்ஸ் சீலிங் அடித்து ஏசி மாட்டுவது. இன்னொன்று, ஓட்டைப் பிரித்து, அடியில் அலுமினிய ஃபாயில் ஷீட் விரித்துத் திருப்பிப் போடுவது.

சீக்கிரம் முடிவது ஃபால்ஸ் சீலிங்தான். ஓட்டுச் சந்து வழியாக ஏசிக் காற்று போகாமலும் தடுக்கும். ஆனால் கூரைச் சரிவைத் தாங்கும் கைமரமும் விட்டமும் மறைந்துவிடும். அழகு போவதைவிட எனக்குப் பெரிய கவலை, மேலே ஒழுகினாலும் கரையான் ஏறினாலும் கண்ணில் படாது என்பதுதான். தெரிய வரும்போது, ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பர் உளுத்துப் போயிருக்கும்.

செலவும் பாருங்கள். 1.5 டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்தாலே, இரவு 8 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 480 யூனிட். அரசு தரும் இலவச யூனிட் எந்த மூலைக்கு?

ஓடு திருப்ப ஆள் கிடைப்பது கஷ்டம், கூலியும் கூடுதல். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். கைமரத்தின் மேல் முதலில் மூங்கில் பாய் விரித்தால், உள்ளிருந்து பார்க்கப் பாயும் மரமும் மட்டுமே தெரியும். அதன் மேல் ஷீட். அப்புறம் கைமரத்தை ஒட்டியே நீளவாக்கில் ஒரு சட்டம், அதற்கு மேல் குறுக்கு ரீப்பர், ஓடு. ‘சட்டம் எதற்கு, வீண் செலவு’ என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓட்டில் ஒட்டிக் கிடக்கும் ஃபாயிலால் பயனில்லை. எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் அது அனலைத் தடுக்கும். சூடான காற்று முகட்டுக்கு ஏறிப் போகவும், ஒழுகும் நீர் கூரை விளிம்பான இறவாணம் வரை வடியவும் அந்த இடைவெளிதான் வழி.

நம் பக்கம் மேட்டு நிலம், கோடையிலும் பின்னிரவு கொஞ்சம் ஆறும். பகலில் ஜன்னலைச் சாத்தி இரவில் திறந்து வைத்தால், தடித்த கல்சுவரின் குளுமை மறுநாள் மதியம் வரை தாங்கும். முற்றத்தை மட்டும் ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிடாதீர்கள்; வீட்டுச் சூடு வெளியேற அதுதான் வாசல்.

கூடவே 75 வாட் பழைய ஃபேனை மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றுங்கள். தினம் 12 மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனிலேயே இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். வயதானவர்களுக்கு ஏசி அவசியம் என்றால் ஒரே ஓர் உள்ளறையை மட்டும் அடைத்துப் போடலாம்.

மாசியிலேயே ஆள் சொல்லி வையுங்கள். பிரிக்கும்போது உடையாத பழைய ஓடுகளைத் தெருப்பக்கச் சரிவுக்கு ஒதுக்குங்கள். புது ஓடு கொல்லைப்பக்கம் போகட்டும்.